கொழுப்பு

குருமண்வெளிக்குப் போகிற முதல் பாதையில்
எங்களைச் சுற்றி ஒரு மோட்டார் சைக்கிள் அளவுக்கு
இடம் விட்டு நின்றது சனம்.
இரவு எட்டு மணியிலிருந்து தண்ணி தவிர
அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.
அண்ணன் வாவியை எண்ணிக்கொண்டு வந்தான்.
எத்தனை என்று கேட்டேன்.
"இன்னும் முடியல்ல."

மண்டூர்ச் சந்தியில் அவனுக்கொரு பெயர் இருக்கிறது:
கொழுப்பெடுத்தவன்.
மாசி மாதம் தாழ்ப்பாள் கம்பியால்
என் புருவத்தைப் பிளந்த அன்று
பிடித்துக் கட்ட வந்தவர்கள் சொன்னது:
கொழுப்பு, வேறொன்றுமில்ல,
ரெண்டு நாள் பட்டினி போட்டா இறங்கும்.
ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு
நானும் அதையேதான் சொன்னேன்.

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
"கோகுலறஞ்சன்" என்று கூப்பிட்ட பிள்ளை
துண்டை வாசித்தாள், எந்த கிளினிக் என்று.
அவன் கை மேசையில் கிடந்தது, சும்மா.
நடுங்கினது ஊசிதான்.
மூன்றாவது குத்தில் வந்தது.

மறுகா வந்த வியாழன் ரிப்போர்ட்.
கொலஸ்ட்ரோல் நூற்றிப் பதினொன்று.
"குறைவு" என்றார் டொக்டர்.
குறைவா, சேர்?
"கொழுப்பு குறைஞ்ச ஆக்கள் கை ஓங்கிறது
கொஞ்சம் கூட எண்டு சில ஆராய்ச்சி சொல்லுது.
சிலது அப்படிச் சொல்லல்ல.
இத வெச்சு ஒராளச் சொல்ல ஏலாது.
குளிசைய மட்டும் விட்டுராதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பன்னிரண்டு வருசமாய் ஊர் கண்டுபிடித்த நோய்
அவனிடம் இருந்ததே இல்லை.

வரும் வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினேன்.
மருந்துக்கு இல்லை, சும்மாதான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு.

பாதையில் அவன் ரிப்போர்ட்டை விரித்தான்.
காற்று பறிக்கப் பார்த்தது.
வரிவரியாய் விரலை வைத்து,
"நான் உன்ன அடிச்சது இதில எங்க இருக்கு?"
இல்ல.
"அவங்க கதைக்கிறது?"
அதுவும் இல்ல.
"அப்ப இது வேற ஆர்ரயோ."
பக்கத்தில் நின்ற மீன்காரரிடம் நீட்டினான்.

அவர் விலகவில்லை. வாங்கினார்.
கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்து
"எனக்கு இருநூற்றி நாற்பது, தம்பி" என்றார்.

அண்ணன் தயிர்ச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
கனநேரம் யோசித்தான்.
"அதான் நீங்க ஒருத்தரையும் அடிக்கிறல்ல."

அவர் தண்ணியைப் பார்த்தார்.
அவருடைய பெண்சாதியை எனக்குத் தெரியும்.