இரண்டு விரல் உள்ளே

நூற்றிருபது ரேண்ட் சொன்னான், எண்பதுக்குக் கொடுத்தான்.
டர்பனில் விக்டோரியா தெருவுக்குப் பின்னால்
பழைய பட்டாளச் சாமான் விற்கும் சந்து.
காய்ந்த சேற்று நிறத்தில் ஒரு முதுகுப்பை.
மடலின் உட்புறம் கறுப்பு மையில்
லொரன்ஸ் என்று ஒரு பெயர், ஒரு எண்.
எண்ணில் பாதி தேய்ந்திருந்தது.

முதல் வாரமே தெரிந்துவிட்டது,
என் தோளை அளந்து தைத்த பை இல்லை இது.
நெஞ்சுப் பட்டை போய் உட்காரும் இடத்தில்
ஏற்கெனவே ஆள் இருக்கக்கூடும் என்பதை
அந்தத் தையற்காரன் யோசிக்கவேயில்லை.
இரும்புப் பூட்டு காறையெலும்பின் மேல் ஏறி
இசிப்பிங்கோ பாறை வரைக்கும் கடித்துக்கொண்டே வரும்.
அப்படி என்ன கனம்?
இரண்டு கிலோ மத்தி, ஈயக்குண்டு, பிளாஸ்க்,
பீன்ஸ் கறி அடைத்த கால் ரொட்டி.

பிரித்தேன்.
சதுரம், அதற்குள் பெருக்கல் குறி,
அதன் மேலேயே இன்னொரு தடவை:
பிரிய மனமில்லாத தையல்.
சவர பிளேடு மூன்று தீர்ந்தது.

கிளேர்வுட் உடைசல் யார்டில் பிரெகாசன்
முன்பக்கம் இல்லாத ஒரு கிரெசிடாவைக் காட்டினான்.
"ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகலை அக்கா" என்றான்,
நான் கேட்பதற்குள்.
சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அறுத்தோம்.
உள்ளே சுருண்டு கிடந்த பாகம் மட்டும்
வெயில் பார்க்காத கறுப்பு.

உப்புக்கு அது மக்காது. ஆனால் வழுக்கும்.
ஏணிப் பூட்டில் கோத்தால் நழுவி நழுவிப்
பை இடுப்புக்கு வந்துவிடும்.
நுனியை அடுப்புத் தீயில் உருக்கி,
இரண்டாக மடித்துத்
தூண்டில் நூலால் தைத்த பிறகுதான்
பிடி கொடுத்தது.
எதிர்வீட்டு நாய்க்குச் சிறுத்துப்போன கழுத்துப்பட்டையில்
ஒரு பித்தளைப் பூட்டு கிடைத்தது.
நெஞ்சுப் பட்டையை நான்கு விரல் மேலே ஏற்றினேன்.
தோள்வார் இரண்டையும் இரண்டு விரல் உள்ளே.
மீன் தண்ணீர் வடிய அடியில் ஆறு கண்ணி.

பெயரையும் எடுத்துவிடலாமென்று ஸ்பிரிட் தேய்த்தேன்.
மை பரவியது. லொரன்ஸ் பெரிதானான்.

மே மாதம். பாறையில் ஒரு வெள்ளைக்காரர்,
என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.
பையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.
கேட்காமலே இடது வாரில் கைவைத்து
பெருவிரலால் ஓரிடத்தை அழுத்தினார்.
அங்கே ஒன்றுமில்லை.
மறுபடியும் அழுத்தினார்.
"இங்கே ஒரு பூட்டு இருக்குமே."
"கழற்றிவிட்டேன்."
காலரை விலக்கிக் காட்டினார்.
எலும்பின் மேல் நகக்கண் அளவு தழும்பு.
"இரண்டு வருஷம்" என்றார்.
எங்கே என்று சொல்லவில்லை.

எண்பத்தைந்து ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கூட வாசலில்
இதே நிறப் பைகள் வரிசையாக நின்றன.
அடுத்த தெருவில் ஒரு பையனின் ஒற்றைச் செருப்பு
மூன்று நாள் கிடந்தது, எடுக்க ஆளில்லாமல்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
என் எலும்பின் மேல் இருந்த தழும்பையும் காட்டவில்லை.

அந்தப் பூட்டு இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.
"ஈயம் தீர்ந்துபோன அன்று
குண்டாகக் கட்டி வீசினேன். சிக்கி அறுந்துவிட்டது."
"எந்தப் பக்கம்?"
அலை உடைகிற இடத்துக்குச் சற்று இடப்புறம் கை காட்டினேன்.
அதன் பிறகு அவர் தூண்டில்
அந்தப் பக்கம் போகவேயில்லை.

நான்கு ஷாட் மீன், அவ்வளவுதான் சட்டம்.
ஐந்தாவதைத் திரும்ப விட்டுவிட்டுக் குனிந்தேன்.
அதற்குள் அவர் பையைத் தூக்கி
நான் கை நுழைக்கப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார்,
பேச்சில்லாமல், பழகிப்போன உயரத்தில்.
அது என் தோளுக்கு அரை முழம் மேலே.

தாழ்த்துங்கள் என்றேன்.
தாழ்த்தினார்.