கனமுள்ளத எடும்

உரிமத்தாளின் மடிப்பில் பவுடர் மணக்கிறது.
இரண்டு வருடம், நாலு விசாரணை.
குலசேகரம் ஸ்டேஷனில் ஏட்டு கேட்டாராம்,
இந்த வயசுல என்னத்துக்கு அம்மா?
இந்த வயசுலதான் வேணும் தம்பி
என்றாளாம் தங்கநேசம் மாமி.

நாகர்கோவிலில், செட்டிகுளம் தாண்டி
ஒரு சந்துக்குள் கடை.
பாதிக்கு வலையும் தூண்டிலும் நைலான் கயிறும்.
மீதிப் பாதியில் கண்ணாடிக்கு அடியில்
பச்சை வெல்வெட்டில் நான்கு கிடந்தன
கழுத்தில் விலைச்சீட்டோடு.

போனில் படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன்.
பெண்களுக்குச் சின்னதுதான் தோது,
பையில் அடங்கும், எடை தெரியாது.
ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
சின்னதுதான் தம்பி கூட உதைக்கும்.
கனம் இருந்தா
வெடியில பாதிய அதுவே தின்னுக்கிடும்.

மாமி சின்னதை எடுத்தாள்.
கைக்குள் தொலைந்துபோனது.
முப்பத்தெட்டு வருடம்
விடியுமுன்னே நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு
மரம் மரமாய்ப் பால் வெட்டிய கை.
மழை தொடங்கினால்
ஆள்காட்டி விரல் பாதிக்குமேல் மடங்காது.
விசையை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.
இரண்டு விரலைப் போட்டாள்,
பல்லைக் கடித்தாள்,
இதென்ன துருப்பிடிச்ச பம்பா, என்றாள்.

அவர் அடுத்ததை எடுத்துக்கொடுத்தார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
இந்தச் சுத்தியல மொதல்ல பின்னால இழுக்கணும்.
பெறவு விசை பூப்போல வரும்.
இடது உள்ளங்கையால் இழுத்தாள்,
தேங்காய் மூடியைத் திருகுகிற மாதிரி.
கிளிக்.
ஆ, இது கொள்ளாம்.

போன ஐப்பசியில் புகைக்கூட்டின் பூட்டு உடைந்து
எண்பது ஷீட் போனது.
தை மாதம் நாய் செத்தது, வாயில் நுரையோடு.
எல்லைக்கல் இரண்டு
நாலடி உள்ளே நடந்து வந்திருந்தன.
யாரோ, என்று எழுதியிருந்தது புகாரில்.
எங்கள் வீட்டிலும் யாரோ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.
அண்ணன் கிறிஸ்துதாசும் அப்படித்தான் சொல்வான்.

மக்களே,
நீ அங்க போயி நில்லு, அந்த வலைக்குக் கீழ.
போனேன்.
கொஞ்சம் சரிஞ்சு.
வெளிச்சத்துக்கு வா. நெத்தி தெரியணும்.

எங்கள் இருவருக்கும் அப்பாவின் நெற்றி.
அப்பாவின் தங்கை அவள்,
அவளுக்கும் அதே நெற்றிதான்.

காலியா இருந்தாலும் ஆளுக்கு நேரா நீட்டப்படாதும்மா,
என்றார் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்.
நீட்டியிருந்தாள்.
என் முதுகில் நைலான் முடிச்சுகள் உறுத்தின.
வெளியே ஒரு மினிபஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.
அது போய்ச் சேர்ந்த பிறகும்
நீட்டியிருந்தாள்.

பிறகு அவரிடம் திருப்பிக் கொடுத்து,
சாமானில் குறை சொல்வதுபோலச் சொன்னாள்:
கையி நடுங்கல்ல.

அவர் சுத்தியலைப் பைய இறக்கினார்.
கனமுள்ளத எடும். பில்லுல எண்ணைச் சரியா எழுதும்.
உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்குமா?
ரப்பர் ஆசிட் பட்டா?
மாசம் ஒருக்கா எண்ணெய் போடணுமா, தேங்காண்ணெய் போதுமா?
போதாது என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பை மடியில்.
என்னைப் பார்க்கவில்லை, நானும்.
தக்கலையில் வண்டி நின்றபோது
ஜன்னல் வழியாகவே பேரம் பேசி
ஒரு சீப்பு ரசகதலி வாங்கிப்
பாதியைப் பிய்த்து என் மடியில் வைத்தாள்.
உனக்க வீட்டுக்கு.
வேர்க்கிளம்பி கடந்த பிறகு சொன்னாள்,
அவனுக்கும் ரெண்டு குடு.

கொடுத்தேன்.
நடையில் நின்றபடி தோலை உரித்துக்கொண்டே
அண்ணன் கேட்டான்,
எத்தன குண்டு பிடிக்கும்?

ஆறு, என்றேன்.
இரண்டாவது பழத்தையும் தின்றான்.