முடவாட்டுக்கால்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில்
நடைபாதையை மறிக்கும் மூட்டைகளை எடுக்கச் சொல்வது என் வேலை.
சொன்னேன். இரண்டாம் முறை பூட்ஸால் சொன்னேன்.
கோணி வாய் அவிழ்ந்து உருண்டன
பழுப்பு ரோமம் போர்த்த கால்கள்,
நாற்பது ஐம்பது இருக்கும்,
ஆடுகள் மட்டும் எங்கோ போய்விட்டதுபோல.

"கிழங்கு சார். முடவாட்டுக்கால். கொல்லிமலை.
பாறையில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், மண்ணு கேக்காது."
பெயர் வெள்ளையன் என்று
அபராதச் சீட்டில் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு
சிவப்புத் தொப்பி இல்லாமல் கைலியில் போனேன்.
பதினெட்டு வருடம் அஜந்தா சிக்னலில் நின்ற முட்டி
அனுப்பி வைத்தது.
"யாருக்கு?"
"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு. நின்னுக்கிட்டே வேலை."
தராசைப் பார்த்தபடி அவர் பேசினார்:
"பூக்காது, காய்க்காது.
எலையைத் திருப்பினா முதுகெல்லாம் மச்சம்.
அதுலேருந்து தூசு பறக்கும். தூசுதான் புள்ளை.
மொடவனையும் ஆட்டி வைக்குற காலுன்னு எங்கப் பக்கம் பேரு.
இல்ல, மொடமான ஆட்டுக்காலுன்னு சொல்றவனும் இருக்கான்."
நிறுத்து முடித்து, மேலே ஒன்று வைத்தார்.
"உதைச்ச காலுக்கு."
நான் நிமிர்வதற்குள்
அடுத்த ஆளுக்கு எடை போட ஆரம்பித்திருந்தார்.

தவக்காலத்து வெள்ளி.
அமலோற்பவம் முகத்தைத் திருப்பிக்கொண்டு
ரோமம் சுரண்டினாள். உள்ளே இளம்பச்சை.
மிளகு, சீரகம், தட்டிய பூண்டு.
இரண்டாம் கொதியில்
வீடு முழுக்க ஆட்டுக்கால் வாசம்.
அடுப்பை அணைத்துவிட்டாள்.
"இது பாவத்துல சேருமா சேராதா?"
மாடிவீட்டு ரொசாரியோ படியில் நின்று மூக்கை உறிஞ்சி
ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.
ரத்தம் இல்லை, எலும்பு இல்லை,
ஒரு பூகூடக் கிடையாது என்றேன்.
"நாக்குக்குத் தெரியுதே."
பங்குச் சாமியாருக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை.

குடித்தோம். நான் இரண்டு டம்ளர்.
முட்டி சரியாயிற்றா என்று கேட்காதீர்கள்.
மறுநாளும் எட்டு மணி நேரம் நின்றேன்.
வலி வந்தது, கடலூர் பஸ் மாதிரி,
கொஞ்சம் தாமதமாக.

மேலே வைத்த அந்த ஒன்றை மட்டும் சுரண்டவில்லை.
ஜன்னல் மேடையில் தொப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது.
யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.
சித்திரையில் ஒருநாள் சாரல் அடித்தது, அவ்வளவுதான்.
நுனியில் ஒரு பச்சைச் சுருள்,
என் விசிலின் அளவு,
ரோமத்தோடு தலை குனிந்து,
இன்னும் அவிழாமல்.

அமலோற்பவம் தொப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.