வயதுப் பொத்தான்

கல்லாவின் வலது ஓரத்தில் பத்துப் பொத்தான்கள்.
ஆணுக்கு நீலம் ஐந்து, பெண்ணுக்கு இளஞ்சிவப்பு ஐந்து.
பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தொன்பது, நாற்பத்தொன்பது,
அப்புறம் ஐம்பது.
அதற்கு மேல் எண் கிடையாது.
எழுபதும் தொண்ணூறும் அதற்குள்ளேயே அடங்கிக்கொள்ள வேண்டும்.

காசு வாங்கியதும் ஆளைப் பார்த்து ஒன்றை அழுத்தினால்தான்
பணப்பெட்டி திறக்கும்.
வயதைக் கேட்கக் கூடாது.
உற்றுப் பார்க்கவும் கூடாது.

நொஷிரோவில், துறைமுகச் சாலைக் கடையில்,
ஒன்பது வருடமாக எனக்கு இரவு முறை.
ஆளை எடைபோடுவதில்
தராசே என்னிடம் கடன் கேட்கும்.

பனி தள்ளும் வண்டிக்கார ஹதகெயாமாவுக்கு
சூடான காபி டப்பா இரண்டு,
ஒன்று குடிக்க, ஒன்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள.
நீலம், நாற்பத்தொன்பது.
தொண்டையைக் கனைத்துக் குரலைத் தடிப்பாக்கி
சிகரெட் கேட்பான் ஒரு பையன்.
முள்ளங்கி நன்றாக வெந்திருக்கிறது என்பேன்.
சூப்போடு வாங்கிக்கொண்டு போவான்.
நீலம், பத்தொன்பது.
மூன்று மணிக்கு ஒருத்தி வந்து
ஒரே ஒரு தாளை நகலெடுத்துப் போகிறாள், டிசம்பரிலிருந்து.
நகல் இயந்திரம் தானே காசு விழுங்கும்.
அவளுக்கு மட்டும் வயதே இல்லை.

விடிந்தால் நானும் வாடிக்கை.
சீருடையைக் கழற்றிவிட்டு மறுபக்கம் போய் நிற்பேன்:
கடற்பாசி வைத்த சோற்றுருண்டை, பார்லித் தேநீர்.
காலை முறைக்கு வந்த இஸொபே,
கன்னத்தில் தலையணைக் கோடு அழியாதவன்,
விரலைத் தூக்கியபடி யோசித்தான்.
நான் பேட்டரி அடுக்கைப் பார்த்தேன்.

எல்லாப் பொத்தானுக்கும் ஒரே சத்தம்தான்.
ஆனால் ஒன்பது வருடம்.
கை எவ்வளவு தூரம் போனது என்று காதுக்குத் தெரியும்.

இருபத்தொன்பது.

போன மாதம் எனக்கு ஐம்பத்துநான்கு முடிந்தது.
மரியாதையா, பயமா, தூக்கக் கலக்கமா,
கேட்கக் கூடாது.
மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் வாரம், எங்கள் கடலைப் பார்த்தேயிராத
தோக்கியோ தலைமையகம் எழுதியது:
உங்கள் கடைக்கு அதிகாலையில்
இளம்பெண்கள் வருகிறார்கள்.
பரிந்துரை, ஸ்ட்ராபெரி புட்டிங், தினம் இரண்டு.

"இந்த ஊரிலா? யாரம்மா அது?"
முதலாளி தொகாஷி தலையைச் சொறிந்தார்.
நான் எண்ணெய்ச் சட்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.
இஸொபே எண்ணி முடித்த சில்லறையை
மறுபடி எண்ணினான்.

புட்டிங் வந்தது. யாரும் தொடவில்லை.
நேரம் தாண்டினால் இயந்திரம் விற்க மறுக்கும்,
தூக்கிப் போட வேண்டியதுதான்,
வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது.

இன்று, ஏழு நிமிடம் மிச்சமிருக்கையில்
ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்தேன்.
"கரண்டி?"
"ஒன்று."
விரலைத் தூக்கினான்.
இந்தத் தடவை நான் பேட்டரிகளைப் பார்க்கவில்லை,
அவன் விரலைப் பார்த்தேன்.
காது சிவந்துபோனது பையனுக்கு.
அழுத்தினான், அதையேதான்.

வெளியே ஹதகெயாமா ஒதுக்கிய பனி என் தோளுயரம்.
காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடி வேர்க்க வேர்க்கத் தின்றேன்.
இனிப்பு தூக்கல்.
நாளைக்கும் இரண்டு வரும்.