வளைவுச் சோதனை

புட்வல், தொழில்திறன் தேர்வு மையம். மூன்றாம் மேசை.
பெயர் பிருலால் சௌதரி. வயது நாற்பத்தொன்று.
முன்னனுபவம் என்ற கட்டத்தை
காலியாகவே விட்டு
பேனாவைத் திருப்பித் தந்தார்.

"தோஹாவில் பதினோரு வருஷம், மேடம்.
விசாவில் சுமைதூக்கி."

சுமைதூக்கிக் கூலிக்கு
குளிர்நீர்க் குழாய்களைப் பற்றவைத்திருக்கிறார்
பதினெட்டாவது மாடியில்.
வேலை முடிந்த தாளில்
இன்னொருவன் கையெழுத்து.

இரண்டு தகடுகளைக் கொடுத்தேன்.
கை தொடாமல், ஒரே தலையசைப்பில்
முகமூடியைக் கீழே விழவைத்தார்.
எங்கள் மதிப்பெண் தாளில்
அதற்கு இடமில்லை.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான் ஒருவன்.
நாற்பதாயிரம் தந்தால்
இதே சான்றிதழ், இதே முத்திரை,
தீப்பொறி படாத சட்டையோடு வீடு போகலாம் என்பவன்.
அவனைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள்.
சிலர் தாண்டுவதில்லை.

என்னிடமும் இருக்கிறது அந்தச் சான்றிதழ், அசல்.
யாம்குமாரி புன், முதல் வகுப்பு.
பெண்ணுக்கு முகாமில் கட்டில் இல்லை என்று
ஒரு கம்பெனி எழுதியது.
மற்றது எழுதவே இல்லை.
அதனால் இங்கே
போகிறவர்களை அளக்கிறேன்.

தகடு ஆறியது.
குறுக்கே ஒரு பட்டை வெட்டி
அழுத்து இயந்திரத்தில் வைத்தேன்.
நெம்புகோலை இழுக்க இழுக்க
இரும்பு முனகி
லாடம் போல் வளைந்தது.
மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விரிசல் கண்டால் தோல்வி.

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
திருப்பிப் பார்த்தேன்.
ஒட்டு எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

அவர் பட்டையைப் பார்க்கவில்லை.
சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேர்ச்சி" என்று எழுதி
முத்திரையை மையில் தோய்த்தபோது கேட்டார்:
"மேடம், தேதி இன்றைக்குத்தானா?"

"ஆமாம்."

"பதினோரு வருஷம் முன்னால் போட முடியாதா?"

சிரிக்கிறாரா என்று நிமிர்ந்தேன்.
சட்டைப்பையிலிருந்து
மடித்து மடித்து நைந்த
சம்பளச் சீட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
ஏதோ கணக்கு.
உதடுகள் மட்டும் அசைந்தன.

முத்திரை காய்ந்துவிட்டது.
மறுபடி தோய்த்தேன்.