கவிழ்த்து வைத்தல்

மூன்று வருடமாய் முகங்கொடுத்துப் பேசாத நாத்தனார்
எஸ்தெலிட்டா
காலை ஐந்தரைக்குப் பின்வாசலில் நிற்கிறாள்.
தோளில் சாக்கு.
சாக்குக்குள் ராசவள்ளிக் கிழங்கு,
பாங்லாவோ தீவின் மண் உலராமல்.

"சந்தையில் கிழங்கே இல்லையாம்.
உனக்குக் கல்யாண ஆர்டராம்."
இதைக் கதவிடம் சொன்னாள்.
"கிலோ என்ன விலை?"
நான் சாக்கிடம் கேட்டேன்.

டிரைசிக்கிள் விற்ற காசில் யாருக்கு எவ்வளவு
என்ற கணக்கை இங்கே விரிக்கப் போவதில்லை.
விரித்தால் நான் நல்லவளாகத் தெரிவேன்.
அவள் விரித்தால் அவள்.

சாக்கை இறக்கும்போது
ஒரு கிழங்கு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

எங்கள் போஹோலில்
கிழங்கு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும்.
வேறெதுவும் விளையாத காலத்தில்
எங்களை உயிரோடு வைத்திருந்தது அதுதானாம்.
இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.
மண்டையோடு மண்டை முட்டியது.
அந்தக் கோடியில் அவள் முத்தமிட்டாள்,
இந்தக் கோடியில் நான்.
"பொறுத்துக்கொள்" என்றோம்,
கிழங்கைப் பார்த்து.
உதட்டில் மண் ஒட்டியிருந்தது, இருவருக்கும்.

அவள் போகவில்லை.
நான் போகச் சொல்லவுமில்லை.

வேகவைத்துத் தோலுரித்தால்
விரலெல்லாம் நாவற்பழம் தின்ற நாக்கு.
ஏழு முட்டை.
அவள்தான் உடைத்தாள்,
ஓட்டுக்கு ஓடு மாற்றி மாற்றி,
மஞ்சளின் ஒரு துளிகூட வெள்ளையில் சிந்தாமல்.
சிந்தினால் நுரைக்காது.
கிண்ணத்தைக் கலமான்சிச் சாறு தொட்டு
அவளாகவே துடைத்திருந்தாள்.
எங்கே கற்றாள் என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.

வெள்ளை நுரையைக் கிழங்கு மாவோடு சேர்க்கையில்
அவள் கை வேகமெடுத்தது.
"கிண்டாதே. மடி" என்றேன்.
மூன்று வருடத்தில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன
முதல் வார்த்தை அது.
மடித்தாள்,
தூங்கும் குழந்தைக்கு அடியிலிருந்து துணியை உருவுவதுபோல.

இந்தக் கேக்குக்கு அச்சில் எண்ணெய் தடவக்கூடாது.
வழுக்கும் சுவரில் எதுதான் ஏறும்?

மணப்பெண்ணின் அம்மா
போனில் பார்த்த ஊதாதான் வேண்டுமென்கிறாள்.
நிஜக் கிழங்கு அந்த நிறம் தராது.
அது தருவது வாடிய கத்தரிப்பூ,
கொஞ்சம் சாம்பல் கலந்தது.
அலமாரியில் சாயப் புட்டி.
நான்கு சொட்டு விட்டேன்.
எஸ்தெலிட்டா ஜன்னலுக்கு வெளியே
மும்முரமாய் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.
அங்கே ஒன்றுமில்லை, ஒரு வாளி.
அது எனக்கு அவள் செய்த பெரிய உதவி.

வெந்ததும் அச்சோடு தலைகீழாய்
ரம் பாட்டிலின் கழுத்தில் மாட்டினோம்.
உப்பிய சூட்டோடு நிமிர்த்தி வைத்தால்
தன் பாரத்தில் தானே அமுங்கிப்போகும்.
ஒன்றரை மணி நேரம்.
தொடக்கூடாது. தட்டிப் பார்க்கக்கூடாது.

அப்போது கரண்ட் போனது.
மின்விசிறி மெதுவாய்,
மனசே இல்லாமல் நின்றது.
வேலையும் இல்லை, சத்தமும் இல்லை,
நடுவே தொங்குகிற கேக்,
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"ராமிலுக்கு முட்டி வலி?"
"மழை வந்தால்."
"எனக்கும்தான்.
எங்கள் அப்பாவின் முட்டி."

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
ஒரு ஈயை அவள் விரட்டினாள்.
அதே ஈயை நான்.

ஆறியதும் கத்தியை ஓரமாய் ஓட்டிக் கவிழ்த்தேன்.
மெத்தென்று இறங்கி,
ஒரு நடுக்கம் நடுங்கி,
நின்றது.
மேடாய் இருந்த இடத்தைச் சீவி
ஆளுக்கொரு துண்டு.
வாயில் வைத்தால் எடையே இல்லை.
கரைந்து போன பிறகுதான்
அடிநாக்கில் மண்வாசனையோடு கிழங்கு வந்தது.

"சர்க்கரை தூக்கல்" என்றாள்.
"ஆர்டர் அப்படி" என்றேன்.

கிழங்குக்குக் காசு கொடுத்தேன்.
வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.
இரண்டு தரம் எண்ணி
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாக்கை உதறி நான்காய் மடித்து
என் மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டு,
எடுத்துப் போகாமல்
போனாள்.