இரட்டைச் சுழி

பீடோர் கடைத்தெரு, சலூன் நாற்காலி,
பலகை போட்டு உயர்த்தி உட்கார்ந்திருக்கிறான்
அக்கா மகன் தனேஷ்வரன்.
உச்சியில் ரெண்டு சுழி.
"ரெண்டு கல்யாணம்டா உனக்கு" என்று
யாரோ பேப்பருக்குப் பின்னாலிருந்து.
ரத்னவேலு அண்ணன் தண்ணீர் அடித்துச்
சீப்பை அழுத்துகிறார்.
எழுந்துகொள்கிறது.

எனக்குத் தெரியும், படியாது.
பழ ஈயின் இறக்கையைப் பார்த்துச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
கல்லாவுக்குப் பக்கத்தில், கனிந்த கொய்யாமேல்
மொய்க்கிறதே, அதே ஈ.

இறக்கை முழுக்கச் செல்கள்,
லயத்து அறைகள் மாதிரி ஒட்டி ஒட்டி.
அறைக்கு ஒரு முடி.
அத்தனையும் நுனி பார்த்துச் சாயும்.

அப்பா வெட்டிய நிரையில்
பால்மரம் ஒவ்வொன்றிலும் அதே சரிவு,
இடமிருந்து வலம்.
அதற்குக் கத்தி இருந்தது,
கத்திக்குப் பின்னால் கங்காணி, அவருக்குப் பின்னால் கிராணி.
இங்கே பெரட்டு கிடையாது.
நடுச்சுவர்தான்.
சுவருக்கு இப்பக்கம் ஒரு புரதம், அப்பக்கம் வேறொன்று,
இடுக்கில் விரல் கோத்து
நீ அங்கே என்றால் நான் இங்கே.
அடுத்த சுவரிலும் அதே பேச்சு. அதற்கடுத்ததிலும்.

எலியின் முதுகு ரோமம் வால் பார்த்துப் படிவதும்
இந்தப் பேச்சால்தான்.
அப்பாவின் காதுக்குள்ளும்
நத்தைச் சுருளில் வரிசை வரிசையாய்
ஒரே பக்கம் திரும்பி நின்றன நுண்மயிர்கள்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து,
ஆலைக் கொதிகலனோடு பத்தொன்பது வருடம்.
நிறையச் செத்துவிட்டன.
மிச்சமிருப்பவை இன்னும் அந்தப் பக்கமே.
"என்ன?" என்பார். இன்னொரு தடவை சொல்வோம்.

ஒருமுறை இறக்கை நடுவே
ஒரு சின்னத் திட்டில் மட்டும்
அந்தப் புரதத்தை இல்லாமல் செய்தேன்.
திட்டு தடுமாறியது, அது சரி.
ஆனால் ஒரு குறையும் இல்லாத
பக்கத்து அறை முடிகள்
தங்கள் திசையை விட்டுவிட்டு
அதை நோக்கித் திரும்பியிருந்தன.
குறிப்பேட்டில் 'பிறழ்வு' என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.

அக்கா போன அன்று
எதிர் லயத்துக்காரர்கள் யாரும் உள்ளே வரவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலிகளை
எங்கள் கதவுப் பக்கமாய்த் திருப்பிப் போட்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"இது இப்படித்தான் நிக்கும்மா,"
சீப்பை வைத்துவிட்டார் அண்ணன்.
எட்டு வெள்ளி.
பையன் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்,
எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும்
ஒன்று தெரிகிறதாம்.